மிருகம் பார்க்கப் போகிறோம்

படத்தில் இருந்த ஆளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் தோளில் உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். கன்னங்கரேலென்று ஒரு பிராணி. நரி மூஞ்சி, காதோரம் குஞ்சம், அவருடைய முதுகுப் பக்கம் தொங்கும் நீள வால். அம்மாவும் அக்காவும் அந்தப் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டேன். இது என்னப்பா என்று கேட்டேன். அப்பா ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு, இதன் பெயர் லெமூர், மடகாஸ்கர் பக்கத்துத் தீவுக் காட்டில் இருக்கிறது, நாம் எல்லாரும் இதைப் பார்க்கப் போகிறோம் என்றார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அப்பா குமாஸ்தா. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சைகோனிலும் மடகாஸ்கரிலும் பிரெஞ்சு சர்க்கார் சர்வீஸில் இருந்தவர்கள். படத்திலிருந்த ஆளும் நம்ம ஊர்க்காரர்தான், அந்தத் தீவின் சுங்கத்தில் வேலை, குடும்பத்தோடு வந்து தங்கச் சொல்லியிருக்கிறார் என்று அப்பா சொன்னார். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பா நூலகத்திலிருந்து பிரெஞ்சில் ஒரு தடிமனான விலங்குப் புத்தகம் கொண்டுவந்தார். சாப்பிட்டதும் அக்கா படித்துச் சொல்வாள், நான் படம் பார்ப்பேன். கை நீளப் பச்சோந்தி, இலை மாதிரியே வாலுள்ள பல்லி, இரவில் மட்டும் வெளியே வரும் எலிக்குட்டி அளவு லெமூர். எதை முதலில் பார்ப்பது என்று எனக்கும் அக்காவுக்கும் சண்டையே வந்தது. அவளுக்குப் பச்சோந்திதான் முதலில் வேண்டும். அக்காவுக்கு வயது பத்தொன்பது. அந்த வயதில் என்னைச் சரிக்குச் சமமாக உட்காரவைத்து வாதாடியவள் அவள் ஒருத்திதான்.

காட்டில் சத்தம் போடாமல் நடக்கப் பழக வேண்டும் என்றார் அப்பா. சாயந்திரங்களில் எங்கள் இருவரையும் குருசுக்குப்பம் வரைக்கும் கடலோரமாக நடத்திக்கொண்டு போவார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், வரிசையாக நடக்க வேண்டும். தோளில் ஒரு தட்டு தட்டினால் நடக்கலாம். இரண்டு தட்டு என்றால் மிருகம் கண்ணில் பட்டுவிட்டது, அசையக் கூடாது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் மிருகங்கள் காக்கையும் நண்டும்தான். ஆனாலும் அக்கா இரண்டு தட்டு தட்டினால் நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இத்தனையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஆளா நான்? பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, மாதா கோயில் வாசல் என்று ஒரு இடம் விடவில்லை. வீட்டில் புதிதாகப் பெட்டி வந்து இறங்கியதே, என்ன விசேஷம் என்று எதிர்வீட்டு மாமி என்னிடம்தான் கேட்டார். தீவுக்குப் போகிறோம் மாமி, மிருகம் பார்க்க என்றேன். மாமியும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தாயா என்று அம்மா எப்போதும்போல் காதைத் திருகுவாள் என்று பயந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவும் அக்காவும் ஊசி போட்டுக்கொண்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் கடைசியில் போட்டால் போதுமாம். ஊசி தள்ளிப்போனதே என்ற சந்தோஷத்தில் நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

பிறகு துணி வந்தது. வெள்ளைவெளேரென்று, ஊதினால் பறக்கிற மாதிரி, கண்ணி கண்ணியாக இருந்த வலைத்துணி. காட்டில் கொசு அதிகம், அதற்குத்தான் வலை என்றாள் அம்மா. ஓரத்தில் லேஸ் வைத்துத் தைக்கச் சொன்னபோது, கொசுவுக்கு எதற்கு லேஸ் என்று கேட்டேன். பிரெஞ்சுக்காரர் ஊர்களில் இப்படித்தான் என்று பதில் வந்தது. கான்வென்ட்டில் தையல் படித்தவள் என்ற பெருமையில் ஓரம் முழுக்க நானே மடித்துத் தைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நூல் கோத்துக் கொடுத்தாள்.

எங்கள் வேதத்தில் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும், பெண்ணின் ஊர் மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று ஊரறிய அறிவிப்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முன் வரிசையில் இருந்தவர்களின் ரிப்பன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சாமியார் வாயிலிருந்து எங்கள் தீவின் பெயர் வந்தது. எனக்கு ஒரே குஷி. சாமியாருக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்து அப்பா பெயரைச் சொன்னார், அம்மா பெயரைச் சொன்னார், அக்கா பெயரைச் சொன்னார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். எதிர்வீட்டு மாமிக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான், என் அக்காவுக்கும் படத்திலிருந்த ஆளுக்கும் கல்யாணம் என்று எனக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அம்மா அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. முன்பு வந்த ஒரு சம்பந்தம் ஊர்ப் பேச்சால் கலைந்துபோனதாம். இது வெளிநாட்டு மாப்பிள்ளை, ஓலை வாசிக்கும்வரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவாம்.

"ஒன் வாயில ஒண்ணும் நிக்காதுன்னுதான் மிருகத்தச் சொல்லி வெச்சோம். நல்லதாப் போச்சு, ஒருத்தரும் நம்மளக் கேக்கல."

அதைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. சொல்லாமல் மறைத்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஊர் வாயை அடைக்க என் வாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தெருத் தெருவாகப் போய் அவர்களுடைய பொய்யை நான் என் சொந்தச் சந்தோஷமாக விற்றிருக்கிறேன். தீவுக்குப் போவது அப்பாவும் அக்காவும் மட்டும். கல்யாணம் அங்கே. அப்பா திரும்பிவிடுவார், அக்கா திரும்ப மாட்டாள்.

உள்ளறையில் அக்கா அந்த வலையைக் கல்யாணப் பெண்ணின் முக்காடாகத் தலையில் போட்டுக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். நான் தைத்த லேஸ் அவள் நெற்றியைச் சுற்றி அழகாக உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்துக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். படம் வந்த அன்றைக்கே என்றாள்.

"அப்புறம் எதுக்கு எங்கூட கடற்கரைல நடந்த? எதுக்குப் பச்சோந்திக்குச் சண்ட போட்ட?"

அவள் வலையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"நடக்கறப்பல்லாம் நானும் மிருகம் பாக்கத்தான்டி போயிட்டிருந்தேன். வூட்டுக்கு வந்தாத்தான் கல்யாணம்."

அந்த வயதில் எனக்கு அது இன்னொரு பொய்யாகத்தான் பட்டது. அவள் கிளம்பும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். ஸ்டேஷனில் விழுப்புரம் ரயில் நின்றிருந்தது. எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தூணோடு ஒட்டி நின்றேன். அவள் வந்து என் தோளில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள். நான் அசைந்தேன். வேண்டுமென்றே திரும்பி, தண்ணீர்க் குழாய்வரை நடந்து போனேன். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் ஏறிவிட்டிருந்தாள்.

அப்பா மழைக்காலம் முடிந்து திரும்பினார். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க வனிலா வாசனை. மாப்பிள்ளை தங்கம், வீடு துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, எல்லா வசதியும் உண்டு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை நாளும் கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு ஆசை அடங்கவில்லை. அக்காவாவது பார்த்தாள் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்காவக் காட்டுக்குக் கூட்டிப் போனீங்களாப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மறைக்கிற முகம் எது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"எந்தக் காட்டுக்கும்மா?" என்றார்.