தகப்பன் பெயருக்கான இடம்

சூறாவளிக்குப் பிறகு என் தகப்பனின் உடல் கிடைக்கவில்லை. தோணியைக் கரையேற்றப் போனவர் திரும்பவில்லை என்பது மட்டும்தான் எங்கள் ஊர் தம்பிலுவிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஏழு வயது. தாய் என்னைப் பெற்றபோதே இறந்துவிட்டாள். கல்முனையிலிருந்த ஒரு கிறிஸ்தவ வாத்தியாரும் மனைவியும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பிள்ளையில்லை.

வாத்தியாரின் மனைவியை அம்மா என்று கூப்பிட எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வாத்தியாரை மட்டும், அவரிடம் படிக்கும் பிள்ளைகளைப் போல, வீட்டிலும் ‘சேர்’ என்றே கூப்பிட்டேன். காய்ச்சலில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தபோதும் சேர்தான். உடல் கிடைக்காததால் என் தகப்பன் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன். இன்னொருவரை அப்பா என்று கூப்பிடுவது காதில் விழுந்தால் தேடுவதை விட்டுவிடுவாரே!

மழை பெய்தால் என் தகப்பன் வருவார். பின்னேர ஜெபத்துக்கு நாங்கள் முழந்தாளிடும்போது, கடல் பக்க யன்னலுக்கு வெளியே, இடுப்பில் நனைந்த சாரத்தோடு நிற்பார். உள்ளே வரமாட்டார். பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

ஒரு ஞாயிறு, போதகர் புத்திர சுவிகாரத்தைப் பற்றிப் பேசினார். கடவுள் நம்மை மனமுவந்து பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார், சொந்தப் பிள்ளையின் உரிமையெல்லாம் தருகிறார், அதனால் அவரைத் துணிந்து அப்பா என்று கூப்பிடலாம் என்றார். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் மட்டும் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்படியானால் இவர்களுடைய பழைய தகப்பன்மாரெல்லாம் எங்கே நிற்கிறார்கள்?

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவேன். பாய் இழைத்துக்கொண்டிருந்தவளிடம் போய், எடுத்து வளர்த்தவர் அப்பாவாகலாமா என்று கேட்டேன்.

“எடுத்து வளக்கிறது பெரிய நன்மை புள்ள. ஆனா வளத்தவர்ர பேர வாப்பாட பேரெண்டு போடப்படாது. எங்கட மார்க்கத்துல அப்பிடித்தான்” என்றாள்.

ராத்தா தன் மார்க்கத்தைச் சொன்னாள். நானோ அதைக் கடவுளுக்கும் சேர்த்துச் சட்டமாக்கிவிட்டேன். அன்றிலிருந்து ஜெபத்தில் எல்லாரும் ‘பிதாவே’ என்னும்போது என் வாய் திறக்காது.

“ஏன் மகள் நீ சொல்றல்ல?” என்று ஒரு நாள் சேர் கேட்டார்.

அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. “பள்ளிக்கூட இடாப்புல அப்பாட பேருக்கு உங்கட பேர எழுதிப்போட்டீங்க. எங்கட அப்பா மழைக்குள்ள வந்து நிக்கிறார். அவர் பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டா என்ன ஆருட பிள்ளையெண்டு சொல்லுவாங்க?”

சேர் யன்னலைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போனார். அதிபரிடம் பிள்ளைகளின் பெயர் பதியும் இடாப்பை வாங்கித் தன் பெயரைத் தானே வெட்டி, மேலே என் தகப்பனின் பெயரை எழுதினார். அந்த இடத்தில் தன் பெயரை எழுத எத்தனை வருடம் காத்திருந்தவர்!

அதிபர் ஏனென்று கேட்டார்.

“பெத்தவர் அவர். ஆண்டவர் எங்களப் பிள்ளையா எடுக்கக்குள்ள பெத்த தகப்பன மறக்கச் சொல்லல்லையே” என்றார் சேர்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. “அப்பா, நனையிறீங்க” என்றேன், பின்னாலிருந்து. தானாக வந்துவிட்டது. சைக்கிள் ஒருமுறை தள்ளாடியது.

“ஓம் மகள்” என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரமும் மழை விடவில்லை. ஜெபத்தில் நானும் வாய் திறந்து ‘பிதாவே’ என்று சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. நான் பயந்தபடியே நடந்துவிட்டது என்று குமுறிக் குமுறி அழுதேன். நானே அவரைத் துரத்திவிட்டேனோ என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

மழை நாளில் அந்த யன்னலைச் சாத்த நான் யாரையும் விட்டதில்லை. தரை நனைகிறது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சாகும்வரை, மழை தொடங்கியதும் தலை துவட்டக் காய்ந்த துவாய் ஒன்றை மடித்து, யன்னலுக்கு வெளியே நிற்பவருக்குக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு முழந்தாளிடுவார்.