கடைத்தெருவில் கூப்பிடப் பயந்த பெயர்

மகளுக்குத் தமிழரசி என்று பெயர் வைத்தது சரியா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. “பெங்களூருல எதுக்கும்மா இந்தப் பேரு? ஸ்வேதான்னு வையேன்” என்றார் மாமியார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். செல்லப்பெயர்கூட வேண்டாம் என்றேன்.

காவிரித் தகராறில் ஊரே பதற்றமாக இருந்த சமயம். மெஜஸ்டிக் கடைத்தெருவில் குழந்தை என் கையை உதறிவிட்டு ஓடினாள். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லப் பயந்து, கன்னடத்தில் சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் “புட்டி, புட்டி” என்று கூப்பிட்டேன். பழக்கமில்லாத பெயருக்கு அவள் எப்படித் திரும்புவாள்? எதிரே பஸ் வந்தது. “தமிழரசி!” என்று அலறினேன். சட்டென்று நின்றாள்.

பூ விற்கும் கன்னடத்து அம்மா அவளைத் தூக்கி வந்து கொடுத்தார். “மெல்ல கூப்புடும்மா, டைம் சரியில்ல” என்றார்.

அதிலிருந்து வெளியே போனால் புட்டி என்றே கூப்பிட்டுப் பழக்குகிறேன். “எம் பேரு தமிழரசிதானேம்மா?” என்று கேட்கிறாள். ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். பெயரை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். மாற்றலாமா? பிள்ளை பெற்ற சகோதரிகள் சொல்லுங்களேன்.