குணலட்சுமி சொல்லத் தாமதித்த உப்பு

நீர்வேலிக்குக் கிழக்கே, உப்பாற்று ஏரியை அண்டிய அந்தச் சின்ன ஊரில் நூற்றுப் பதினாறு வீடுகளுக்கும் குடிதண்ணீர் போவது ஒரே ஒரு கிணற்றிலிருந்துதான். கிணற்று மோட்டரைப் போட்டு, தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் முறை வைத்துத் திறந்துவிடுவது குணலட்சுமியின் வேலை. குடிநீர்ச் சங்கம் முதலில் ஓர் ஆம்பிளையைத்தான் வைத்திருந்தது. அவர் கலியாணவீடு, செத்தவீடு என்று போய்விடுவார். ஊர் வெறுங்குடத்தோடு நிற்கும். குணலட்சுமி பொறுப்பெடுத்த இந்தப் பன்னிரண்டு வருசத்தில் தண்ணீர் வராத நாளை விரல்விட்டு எண்ணலாம். மோட்டரைப் போடுவதற்கு முன் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பாள். சனம் குடிக்கப் போகிற தண்ணீர், முதலில் தன் வாயில் படட்டும் என்று தானே வைத்துக்கொண்ட வழக்கம்.

கிணற்றுக்கு மேற்கே கோரைத்தரவை. ஐப்பசி மழை இறங்கினால் மாசி வரைக்கும் முழங்காலளவு தண்ணீர் நிற்கிற பள்ளக்காணி. மழைகாலத்தில் கொக்கும் நாரையும், கோடையில் மாடும் ஆடும் அங்கே மேயும். வேறொன்றுக்கும் உதவாத நிலம் என்பதுதான் ஊரின் எண்ணம்.

ஒருமுறை தண்ணீர் பரிசோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வித்தியா என்றொரு பிள்ளை வந்திருந்தாள். கிணற்றுக்கட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி சொன்னாள்:

"அக்கா, எங்களுக்கு ஆறு இல்லை. மழைத்தண்ணிதான் சுண்ணக்கல்லுக்குள்ளை இறங்கி, கீழை கிடக்கிற உப்புத்தண்ணியின்ரை முதுகிலை ஏறி இருக்குது. இந்தத் தரவையிலை வெள்ளம் நிண்டு ஊறுறபடியால்தான் உங்கடை கிணறு நல்லதண்ணிக் கிணறு. இதை நிரப்பினால் உப்பு மேலை வரும்."

குணலட்சுமி தலையாட்டிக் கேட்டிருந்தாள். பிற்காலத்தில் 'எனக்குத் தெரியாது' என்று அவளால் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள முடியாமல் போனதற்கு இந்தப் பேச்சுத்தான் காரணம்.

அடுத்த வருசமே வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் தரவையின் பெரும்பகுதியை வாங்கித் துண்டு துண்டாக்கினார். டிப்பர்கள் வன்னியிலிருந்து கிரவல் மண் ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்தன. குணலட்சுமியின் புருசன் கதிரவேலு மேசன். ஊருக்கெல்லாம் வீடு கட்டினவர், மகள் கஜானிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க முடியவில்லையே என்று மறுகிக்கொண்டிருந்தார். மேட்டுக்காணி அவர்களுக்கு எட்டாத உயரம். தரவையில் இரண்டு பரப்புக் காணி மலிவாகக் கிடைத்தது.

"உது வெள்ளம் ஓடுற இடமெல்லே?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"ஊரே நிரப்புது. எங்கடை ரெண்டு பரப்பாலையோ கிணறு பழுதாப்போகப் போகுது? பிள்ளைக்குக் கலியாணம் பேசி நிக்கிது. அதை யோசியும் நீர்."

அவள் யோசித்தாள். பேசாமல் இருந்துவிட்டாள். காணி உறுதி கஜானியின் பெயரில் எழுதப்பட்டது. வேலை இல்லாத நாட்களிலெல்லாம் கதிரவேலு கல்லைத் தட்டித் தட்டி அத்திவாரம் போட்டார். வைகாசியில் கலியாணமும் நடந்தது.

ஆவணியில் ஒருநாள் தண்ணீர் நாக்கில் மெல்லக் கரித்தது; நாளாந்தம் ருசி பார்க்கிறவளுக்கு மட்டும் பிடிபடுகிற கரிப்பு. இரவு சாப்பிட்ட கருவாட்டின் உப்பாக இருக்கும் என்று வாயைக் கொப்புளித்துவிட்டு மறுபடி குடித்தாள். அதே கரிப்பு. அடுத்த நாளும் அப்படித்தான். சங்கத்துக்குச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கை தரவையைக் காட்டும். தரவைக்குள் தன் மகளின் காணி. மழை பெய்தால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு மோட்டரைப் போட்டாள்.

கிணற்றுக்குப் பக்கத்துத் தோட்டம் பரமலிங்கத்தாருடையது. தன் கிணற்றில் இறைத்த தண்ணீரில் கத்தரி நாற்று இலைக்கரை கருகி நிற்க, ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நீ நாளாந்தம் குடிச்சுப் பாக்கிறனியெல்லே. தண்ணி மாறிப்போச்சோ?"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை அண்ணை. நோயா இருக்கும்."

அவர் நம்பினார். அதுதான் அவளைச் சுட்டது. அடுத்த சந்தையில் அவர் பூச்சிமருந்து வாங்கி வந்து, நோயில்லாத செடிக்கு அடித்துக்கொண்டு நின்றதை வேலிக்கு இந்தப் பக்கத்தால் பார்த்தாள்.

கார்த்திகையில் புயலோடு மூன்று நாள் விடாமல் மழை. வழக்கமாகத் தரவைக்குப் போகிற வெள்ளம் போக இடமில்லாமல் கிரவல் மேட்டில் முட்டி, ஒழுங்கைக்குள் திரும்பியது. பரமலிங்கத்தாரின் வீட்டுக்குள் இடுப்பளவு. அவருடைய மனைவி பூரணம் நடக்கமாட்டாதவ. கதிரையோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன நாலு பேரில் குணலட்சுமியும் ஒருத்தி.

"நாப்பது வருசம் அந்த வீட்டிலை இருக்கிறன். எங்கடை படியைக்கூட வெள்ளம் தொட்டதில்லை, பிள்ளை" என்றா பூரணம். குளிரில் உதடு நடுங்கியது. குணலட்சுமி குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். பூரணம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தா.

"ஏன் பிள்ளை இப்பிடிக் கரிக்குது? வெள்ளம் கலந்திட்டுதோ?"

குணலட்சுமி கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மழைக்குள் நின்றாள்.

வெள்ளம் வடிந்தபிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். காணி விற்றவரின் ஆள் எழும்பி, "இது புயல் வெள்ளம். எல்லா இடத்திலையும்தான் வந்தது" என்றார். அங்கே காணி வாங்கின சிலரும் ஓம் ஓம் என்றார்கள். பின்வரிசையில் இருந்த குணலட்சுமி எழும்பினாள். முன்கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"புயலுக்கு முதலே, ஆவணியிலை இருந்தே கிணறு கரிக்குது. பரமலிங்கண்ணை வந்து கேட்டவர். தெரியாதெண்டு பொய் சொன்னனான். என்ரை மகளின்ரை காணியும் தரவைக்குள்ளைதான். வெள்ளவாய்க்கால் அந்தக் காணிக்குள்ளாலைதான் ஓடினது. அதை மூடித்தான் நாங்கள் அத்திவாரம் போட்டனாங்கள்."

முன்வரிசையில் இருந்த கதிரவேலு திரும்பிப் பார்க்கவில்லை.

"வாய்க்கால் போன இடத்தைக் காட்டுவீங்களோ அம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஓம், காட்டுறன்."

அன்று பின்னேரம் கஜானி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அது என்ரை பேரிலை இருக்கிற காணி. ஊருக்கு முன்னாலை எழும்பி நிண்டு குடுத்திட்டு வந்திருக்கிறியள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

குணலட்சுமி கேட்கவில்லைதான்.

புதிதாக நிரப்புவதைத் தடைசெய்து கட்டளை வந்தது. வாய்க்காலை மறுபடி வெட்டவும் முடிவாயிற்று. மாசியில் ஜேசிபி வந்து நின்றபோது கதிரவேலு கையில் சுத்தியலோடு குறுக்கே போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். "பொறு தம்பி. என்ரை கல்லை நானே எடுக்கிறன்" என்று சாரதிக்குச் சொல்லிவிட்டு, தான் கட்டின அத்திவாரத்தில் பாதியைத் தானே உடைத்தெடுத்தார். ஒன்றரை நாள் பிடித்தது. அந்த ஒன்றரை நாளும் அவர் குணலட்சுமியோடு கதைக்கவில்லை. அவள் கொண்டுபோன சோற்றை மட்டும் சாப்பிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற அந்தப் பெரிய காணிக்காரர் வழக்குப் போட்டார். அவர் நிரப்பின பதினெட்டுத் துண்டும் இன்றுவரை அப்படியே கிடக்கிறது. உண்மை சொன்ன வீட்டின் நிலம்தான் முதலில் வெட்டுப்பட்டது. "உனக்கேன் இந்த வேலை?" என்று சந்தையில் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. பரமலிங்கத்தார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முன்போல வேலிக்கரையில் நின்று கதைப்பதும் இல்லை.

கிணறும் உடனே மன்னித்துவிடவில்லை. குடிக்கிற தண்ணீர் கிழமையில் இரண்டு முறை பவுசர் வண்டியில் வருகிறது. குழாய்த் தண்ணீர் குளிக்கவும் தோய்க்கவும்தான். இரண்டு மாரிமழை போய்விட்டது. வித்தியா மறுபடி வந்து அளந்து பார்த்தாள். வாய்க்கால் திறந்த பக்கத்தில் உப்புக் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். தரவை முழுக்கத் திரும்பினால் ஒழிய உறுதியாக ஒன்றும் சொல்லமுடியாதாம்.

கஜானி சண்டிலிப்பாயில் வாடகை வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வரும்படி தகப்பனுக்குத்தான் ரெலிபோனில் சொன்னாள். குணலட்சுமியும் போனாள். கஜானி பிள்ளையைத் தாயின் மடியில் கிடத்தினாள், பலகாரம் வைத்தாள், கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொன்னாள். காணிப் பேச்சை எடுக்கவில்லை. வெளிக்கிடும்போது வாசல் படலை வரைக்கும் கூட வந்தாள்.

"அம்மா, நீங்கள் சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முதல் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். கிரவல் கொட்ட முதலே சொல்லியிருந்தால் இன்னும் நல்லம்."

"ஓம் பிள்ளை" என்றாள் குணலட்சுமி. கதிரவேலு பஸ்ஸை மறித்துவிட்டுக் கூப்பிட்டார். அவள் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினாள்.