நிம்மதி தேடிப் போன சனிக்கிழமை

நாற்பத்தேழு வயதில் நான் ஒரு கூடாரம் வாங்கினேன். ஒருவர் மட்டும் படுக்கக்கூடியது, பச்சை நிறம். பார்சல் வந்த அன்றே வரவேற்பறையில் விரித்து, குச்சிகளைச் சொருகி நிமிர்த்திவிட்டேன். நிமிர்த்தத் தெரிந்த எனக்கு மடிக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் என் மனைவி கூடாரத்துக்கு இந்தப் பக்கமும் மகள் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். மூன்றாம் நாள் மனைவி அதை மடித்து உறைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டிவைத்தாள்.

கிள்ளானில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை யாராவது ஒருவர் தொலைபேசியில் தன் காரின் பின்பக்கத்தைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் காணொளி பார்ப்பேன். பனிமலை அடிவாரத்தில் ஒரு தாடிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏரிக்கரையில் அடுப்பு மூட்டிக் காப்பி கலக்குவார். இருபது நிமிடத்துக்கு அதில் யாருமே பேசமாட்டார்கள். எனக்கு மலையும் வேண்டியிருக்கவில்லை, ஏரியும் வேண்டியிருக்கவில்லை. அந்த இருபது நிமிடம்தான் வேண்டியிருந்தது.

என்னிடம் இருந்தது நூற்று இருபத்தைந்து சிசி கப்சாய். அலுவலகத்துக்கும் மீன் சந்தைக்கும் போய்வருகிற சாதாரண மோட்டார். முன்கூடையில் அடுப்பு, பின்னால் கூடாரம், முதுகில் பை. புறப்படுவதற்கு முதல் நாள் மனைவி கேட்டாள்.

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“அங்க போயி என்னா பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ணமாட்டேன். சும்மா இருப்பேன்.”

“அதை இங்கயே நல்லாதான செய்யிறீங்க,” என்றாள்.

சனிக்கிழமை காலை காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்து, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, புக்கிட் பெலிம்பிங் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் திருப்பினேன். அன்றிரவு தோட்டத்துக்குள் எங்காவது தங்குவது, மறுநாள் தஞ்சோங் காராங் பக்கம் வெளியேறி, சுங்கை புரோங் வயல்களைப் பார்த்துவிட்டு, பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது என்பது திட்டம். மீன் வாங்குகிற பகுதி மனைவி சேர்த்தது.

செம்பனைத் தோட்டத்தைப் பற்றி ஒன்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும், எல்லாச் சந்தியும் ஒரே மாதிரி இருக்கும். கைப்பேசி வரைபடத்தில் நான் ஒரு நீலப் புள்ளியாகப் பச்சைக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தேன். ஒரே உடைந்த தள்ளுவண்டியை மூன்று தடவை கடந்தேன். மூன்றாவது தடவை அதைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி ஒரு ஆறுதல் வந்தது.

மதியத்துக்கு மேல் மழை பெய்து ஓய்ந்தது. நனைந்த செம்மண்ணில் நான் விழுந்தேன். வேகமாகப் போய் விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளலாம். ஆள் நடக்கிற வேகத்தில், எதிரே நின்ற ஒரு மாட்டுக்கு வழிவிடப் போய், மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தேன். மாடு கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கை சிராய்த்தது. சட்டை முழுக்கச் சேறு. கண்ணிலும் தெறித்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன.

அதற்கு மேல் போகத் தைரியம் இல்லாமல், தண்ணீர் வடியும் பாரிட் என்கிற பெரிய வாய்க்கால் ஓரத்தில் மோட்டாரை நிறுத்தினேன். கரையில் ஒற்றையாக ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே கூடாரத்தை நிமிர்த்தினேன். ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கியது, பரவாயில்லை. பிறகு பாரிட்டைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு மோட்டார் பின்னால் மெதுவாகப் போனதும், கொஞ்ச தூரத்தில் நின்றதும் காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. காணொளியில் தாடிக்காரர் திரும்பமாட்டார்.

அடுத்தது உணவுப் பை. கரடி எடுத்துவிடாமலிருக்க உணவை மரத்தில் உயரமாகத் தொங்கவிட வேண்டும் என்பதைத் தாடிக்காரர் செய்து காட்டியிருந்தார். இங்கே கரடி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் குரங்கு இருக்கிறதே. அங்கே கிடந்த பழைய எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று, நைலான் கயிற்றைக் கிளை மேல் வீசி, முடிச்சு தாங்குமா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே! அண்ணே! எறங்குங்க! மொதல்ல கீழ எறங்குங்க!”

ஒரு பெண் மோட்டாரைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கால்களில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. தோட்டத்து மரத்தில் கயிறு கட்டக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்து நான் இறங்கினேன்.

“மன்னிச்சிருங்க தங்கச்சி. கட்டக்கூடாதுன்னு தெரியாது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். திரும்பவும் கண்களைப் பார்த்தாள். பிறகு நாலடி தள்ளிப் போய்க் கைப்பேசியில் பேசினாள். “ஒடனே வாங்க. பாரிட் பக்கம், பெரிய மரம். ஆமா. ஆளு தனியாத்தான். ஆமாங்க, கயிறு.”

பத்து நிமிடத்தில் அவள் கணவன் வந்துவிட்டான். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப் போகும் லோரியை ஓட்டுகிறவன். வியர்வை வழிய வந்தவன், ரொம்ப நாள் பழகியவன் மாதிரி என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். தனியாக முகாம் போட வந்த மனிதனைப் பார்க்க ஆள்கள் திரண்டு வருகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

“பசியாறிட்டீங்களாண்ணே?”

“ஆச்சு தம்பி, காலையில கோல சிலாங்கூர்ல.”

“தனியாவா வந்தீங்க?”

“தனியாத்தான். கொஞ்சம் நிம்மதி வேணும்னு தோணிச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேலையில ஏதும் பிரச்சனையாண்ணே?”

“வேலைன்னாலே பிரச்சனைதான லா.”

“பிள்ளைங்க?”

“ஒரே மக. அவ என்கூட எங்க பேசுறா? எந்நேரமும் போன்தான்.” இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

“அப்படிலாம் நெனைக்காதீங்கண்ணே,” என்றாள் அந்தப் பெண். “பொம்பளப் பிள்ளைங்க வெளிய காட்டிக்காதுங்க. உள்ள பாசம் இருக்கும்.”

நல்ல மனிதர்கள், ஆனால் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பேராசைக்காரர்களும் என்று நினைக்கும்படி ஆயிற்று. அந்தத் தம்பி கயிற்றைப் பார்த்து, “நல்ல கயிறா இருக்கேண்ணே. மாடு கட்டணும், ஒரு நாளைக்குக் குடுங்களேன்,” என்றான். கொடுத்தேன். அடுப்புக்கு ஊற்ற மினரல் தண்ணீர் போத்தலில் கொண்டுவந்திருந்த ஊதா நிற ஸ்பிரிட்டைத் தூக்கிப் பார்த்து, “இது என்னா?” என்றான். சொன்னேன். “வேணாம்ணே, இங்க அடுப்பு மூட்டுனா தோட்டத்து மண்டோர் ஏசுவாரு,” என்று அதையும் தன் மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டான். பிறகு அந்தப் பெண், வெங்காயம் நறுக்க வேண்டும் என்று என் புதுக் கத்தியை வாங்கிக்கொண்டு போனாள். நாற்பது வெள்ளி விலை கொடுத்து வாங்கிய கத்தி. இவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒரு வீட்டில் கத்தி இருக்காதா என்று எனக்குள் முணுமுணுத்தேன். ஆனாலும் கொடுத்துவிட்டேன். கேட்டால் கொடுத்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு.

பொழுது சாயும் நேரத்தில் அவள் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுச் சம்பாலும் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். கை கழுவியதும், “வீட்டுக்குப் போன் போடுங்கண்ணே. அக்காகிட்ட நான் பேசணும்,” என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவள் மரத்துக்குப் பின்னால் போய்த் தாழ்ந்த குரலில் ஐந்து நிமிடம் பேசினாள். திரும்பி வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அந்த முனையில் மனைவியின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று புரியவில்லை.

“அந்தப் பிள்ள சொல்றபடி கேளுங்க. எதுத்துப் பேசாதீங்க,” என்றாள். வைத்துவிட்டாள்.

அன்றிரவு அந்தத் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. “இங்க பன்னி வரும்ணே,” என்று சொல்லி, என் கூடாரத்தின் வாசலுக்கு நேரே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். காட்டுப்பன்றியிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒரு மனிதன் தூக்கத்தை விடுகிறான் என்று மனம் நெகிழ்ந்தது. நான் புரண்டு படுத்தபோதெல்லாம் “அண்ணே, முழிச்சிருக்கீங்களா?” என்றான். பதில் சொன்னால் ஒரு கதை ஆரம்பித்தான். லோரி கவிழ்ந்த கதை, மைத்துனன் கல்யாணக் கதை, ஆலையில் வரிசை பிடிக்கிற கதை. இருபது நிமிட மௌனத்தைத் தேடி வந்தவனுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

காலையில் அந்தப் பெண் மைலோவும் வறுத்த மீகூனும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே என் கயிறு, கத்தி, ஸ்பிரிட் போத்தல். மூன்றையும் வரிசையாகப் பார்த்த பிறகுதான், அலுவலகத்தில் ஐந்தாறு கோப்புகளைப் புரட்டியும் புரியாத விஷயம் திடீரென்று புரிகிற மாதிரி, எனக்கு விளங்கியது.

“நீங்க என்னைய…” என்று ஆரம்பித்தேன்.

“அக்கா நேத்தே சொன்னாங்க,” என்றாள் அவள். “அவருக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கிறுக்கு, விட்டுருங்கன்னு. எங்களுக்குத்தான் மனசு கேக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கயிறு, சேறு, சிவந்த கண், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன் என்ற வசனம். தாடிக்காரரைப் பற்றியும் கரடியைப் பற்றியும் அவர்களிடம் சொன்னேன். அந்தத் தம்பியும் சிரித்துவிட்டான். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“போன வருஷம் ஒருத்தர் வந்தாரு,” என்றாள். “டவுன் ஆளுதான். இதே பாரிட் ஓரமா உக்காந்திருந்தாரு. நான் வேலைக்குப் போறப்ப பாத்தேன். தூண்டில் போட வந்திருப்பாருன்னு போயிட்டேன். நமக்கு எதுக்குன்னு போயிட்டேன்ணே. சாயங்காலம் போலீஸ் வந்துருச்சு.”

நான் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். என்னா ஆயிருக்கும்? ஏசிருப்பாரு, அவ்வளவுதான.” அவள் தூக்குச்சட்டியை மூடினாள். “அதுலேருந்து யாரு இருந்தாலும் கேட்டுருவேன். நேத்து உங்களையும் மொதல்ல தாண்டிப் போயிட்டுத்தான் திரும்பி வந்தேன்.”

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “நெசமாவே ஒண்ணும் இல்லயேண்ணே?”

“ஒண்ணும் இல்ல தங்கச்சி,” என்றேன். உண்மைதான். அதற்கு முன்னால் எத்தனை வருஷமாக யாரும் அந்தக் கேள்வியை என்னிடம் அப்படி, பதிலுக்குக் காத்திருந்து, கேட்டதில்லை என்று தோன்றியது. நானும் யாரையும் கேட்டதில்லை. தினமும் தொலைபேசியில் அத்தனை பேரிடம் பேசுகிறேன். காருக்கு எங்கே அடி என்று கேட்பேன். அதற்கு மேல் கேட்டதில்லை.

கூடாரத்தை அந்தத் தம்பிதான் மடித்தான். இதற்கு முன் அவன் கூடாரத்தைத் தொட்டதே இல்லையாம். தன் மோட்டாரில் முன்னால் போய் எனக்கு வழி காட்டினான். நான் இரவைக் கழித்த அந்தத் தொலைதூரக் காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஆறு நிமிடம். இடையில் அவர்கள் குடியிருக்கும் லயம், ஒரு கோயில், ஒரு பந்துத்திடல். என் கூடாரத்துக்கும் பந்துத்திடலுக்கும் நடுவே இருந்தது எட்டு வரிசைச் செம்பனை.

சுங்கை புரோங்கில் வயல் ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். பச்சை நெல், கொக்குகள், ஒருவரும் இல்லை. நான் தேடிவந்த மௌனம் அங்கே இருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நேத்து அந்தப் பிள்ள பேசுனதும் எனக்கு ஒரு நிமிஷம் பயமாப் போச்சு,” என்றாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியாத குரலுக்கு அர்த்தம் அதுதான். மீன் வாங்க மறந்துவிட்டேன். அதற்காக அவள் என்னை ஏசவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு மனைவியைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். லயத்து வீட்டு வாசலில் அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டி நேரே மனைவியின் கையைப் பிடித்தாள்.

“வாங்கக்கா. இப்ப எப்படி இருக்காரு?”

“பரவாயில்ல,” என்றாள் மனைவி. “தூங்குறாரு, சாப்புடுறாரு. வீட்ட விட்டுத் தனியாத்தான் விடுறதில்ல.”

இரண்டு பேரும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். நான் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.