வலி எங்கே தொடங்கியது?

வலி எங்கே தொடங்கியது என்று கேட்பதுதான் என் தொழில். எங்கே முடிந்தது என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சங்க அலுவலகம். வேலையில் மயங்கி விழுந்தவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தர அலைகிறேன். கம்பெனி வாசலுக்கு உள்ளே நெஞ்சு வலித்தால் சட்டம். வெளியே வலித்தால் விதி. இப்படி அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள், சொன்னால் புரியும். ஏழுமலையின் கதையை நானே பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. அதற்கு இருந்தது ஒரே சாட்சி.

வீட்டுச் சட்டை

அத்திப்பட்டுப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கு. காலை வெயில்கூட அங்கே கரித்தூளில் மிதந்து, மெதுவாகத்தான் தரைக்கு வரும். கரி ஏறிப்போகும் பெல்ட்டின் ஓரம் சிந்தியதை வாரிப் போடுகிறவர் ஏழுமலை. ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் சரிந்து விழுந்தார். அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம், யாரையும் கரி உடம்போடு வெளியே அனுப்பமாட்டார்கள். வண்டி வருவதற்குள் கூட்டாளிகள் அவர் முகத்தைக் கழுவி, தலையைத் துவட்டி, ஆணியில் தொங்கிய வீட்டுச் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்தச் சட்டைதான் வினை. மேனேஜர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "குளிச்சு, சட்டை மாத்தி, வீட்டுக்குக் கிளம்பினவருக்கு வந்த வலி எங்க வலி இல்லீங்க."

ஆணையர் முன்னால்

ராயபுரத்துச் சேவியர், ஏழுமலையோடு அதே பெல்ட்டில் நின்றவர். இழப்பீட்டு ஆணையர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சாட்சி சொன்னார். விழுவதற்கு வெகுநேரம் முன்பே ஏழுமலை தன் பக்கம் திரும்பி, "மாமு, மாரு அடச்சிக்கினு கீதுடா" என்றாராம். மேஸ்திரியிடம் சொல்லட்டுமா என்றதற்கு, "வோணாம், ஷிப்ட் முடியட்டும்" என்றாராம்.

"அப்புறம் எதுக்குச் சட்டையை மாத்தினீங்க?" என்றார் ஆணையர்.

சேவியர் தலை நிமிர்ந்தார்: "கரியோட இட்டுனு போனா, அவன் பொஞ்சாதிக்கே அவன அடையாளம் தெரியாது சார்."

மணலி புதுநகரில்

தீர்ப்பு ஏழுமலை குடும்பத்தின் பக்கம் வந்தது. சொல்லப் போனேன். ஏழுமலையின் மனைவி மல்லிகா பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சேவியர் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை மேகத்தோடு மேகமாகக் கலந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி சொன்னார்: "எங்கிட்ட தலவலின்னுகூட வாயத் தொறந்ததில்ல. கடைசில ஒருத்தர் காதுலயாச்சும் போட்டுட்டுப் போயிக்கீறாரே. தனியா நோவல. அது போதும் எனக்கு."

பெல்ட் அருகே

பிறகு வேறொரு கேஸுக்காக அதே கிடங்குக்குப் போனேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. பக்கத்தில் நின்றவரின் வாய், தொட்டி மீனின் வாய்போலத் திறந்து மூடியது. எல்லோரும் கைச்சாடையில்தான் பேசினார்கள்.

ஏழுமலையும் சாடையில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் சேவியர் வார்த்தை வார்த்தையாக அல்லவா சொன்னார்? அது பொய்யென்றால் மல்லிகாவின் ஆறுதலும் பொய். ஆனாலும் வலி பொய்யில்லையே. சட்டை மாற்றும்வரை காத்திருந்தா அது வந்திருக்கும்? வெளியே வந்ததும் ஒரு தொழிலாளி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "உள்ள இன்னா சார் கேக்கும்? இடி வுழுந்தாகூட, மின்னலப் பாத்தாத்தான் தெரியும்."

கற்களின் மேல்

சமீபத்தில் சேவியரோடு ராயபுரம் கடலோரக் கற்களில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குக் காத்திருந்த கப்பல்கள் பனிமூட்டத்தில் தண்ணீரை விட்டு எழும்பி, வானத்தில் நிற்பதுபோல் இருந்தன. என் கை தானாக நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்ததை அவர்தான் முதலில் கவனித்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி ஒரே பேஜாரா கீது? கேக்க வந்தத கேட்டுத் தொலையேன்."

ஊரெல்லாம் வலியை விசாரிக்கிறவனுக்கு, இத்தனை வருடம் தொண்டையில் நின்ற கேள்வி வெளியே வரும்போது வேறாகிப் போயிருந்தது: "சேவியரு, நான் வாயே தொறக்காம வுழுந்தாலும் உனக்குக் கேக்குமா?"