என் கால் மிதித்த பிரேக்

எங்கள் வீட்டுக் காரில் இருந்தது ஒரே ஒரு பிரேக்தான். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக நான் இன்னொன்றை மிதித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால், என் வலது கால் தானாகவே தரையை அமுக்கும். ஒருமுறை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, எதிரே தள்ளுவண்டி வந்ததற்கும் அமுக்கினேன். என் மகள் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் கிட்டங்கித் தாம்போதியில், ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த ரோட்டில் தொடங்கியது. கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர்கள் அதைக் கடந்தாக வேண்டும். மாரியில் ஆறு பெருகி ரோட்டின் மேலாகப் பாயும். எங்கள் வயல் அந்தப் பக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி நாள், வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மகள் என் மடியில். தண்ணீரைத் தாண்டிய பிறகு கொஞ்சத் தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே போக வேண்டும், அப்போதுதான் சூடேறிக் காயும். அந்த வழியில் ஓடும் எல்லோருக்கும் இது தெரியும். என் கணவரும் அப்படித்தான் செய்தார். ஆனால் அது காய்வதற்கு முன்பே எருமைக் கூட்டம் வந்துவிட்டது. அவர் முழுப் பலத்தோடு மிதித்தார். கார் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து வயலுக்குள் இறக்கினார். சேறுதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள், "இன்னொருக்கா போவமா வாப்பா?" என்று கேட்டாள்.

நான் சேற்றில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "மச்சான், இனி இந்தக் காருக்குள்ள நானும் ஏற மாட்டன், என்ட புள்ளயையும் ஏத்த மாட்டன்."

"அது தண்ணி பூந்ததால வந்த வினை. காஞ்சா சரிவரும்" என்றார்.

"காயிற வரைக்கும் எரும பாத்துக்கொண்டு நிக்குமா?"

அவர், செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய்விட்டதால் அதைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவர் பொத்துவிலிலிருந்து வந்தவர். என் உம்மாவும் எங்களோடுதான் இருந்தார், மருமகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். என் வாப்பா எனக்கு வீட்டோடு சேர்த்து, தான் ஆசையாக ஓட்டிய பழைய இங்கிலாந்துக் காரையும் தந்துவிட்டு மௌத்தாகிக் கண் மூடினார். ஆகவே கார் என்னுடையது, ஓட்டுகிறவர் அவர். கார்க்காரி காரில் ஏறமாட்டேன் என்கிறாள் என்று தெருவே கதைத்தது. கதைத்தால் கதைக்கட்டும் என்று இருந்தேன். எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம்தான்.

பொத்துவிலில் இருந்த மாமிக்கு, என் கணவரின் தாய்க்கு, முழங்கால் வருத்தம், வீட்டைவிட்டு இறங்க முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். நான் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாமிக்கு அரிசி மூட்டை கொண்டுபோக வேண்டும் என்று சாட்டுச் சொல்லிவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே வந்தார். பஸ் நின்ற இடமெல்லாம் காரும் நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "புருசனோட கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "புருசனோட இல்ல, பிரேக்கோட" என்றேன்.

மகளுக்கோ பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கரைப்பற்று வருவதற்குள் சத்தியெடுத்து வாடிப்போனாள். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அவளைக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டேன். மாதங்கள் ஓடின. "கண்ண மூடுறத்துக்கு முன்ன புள்ளட முகத்த ஒருக்கா காட்டுங்க" என்று மாமி என் கணவரிடம் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரில் ஏற்றவும் பயம், ஏற்றாமல் இருக்கவும் மனமில்லை.

கணவர் பிரேக்கையே மாற்றுவது என்று முடிவெடுத்தார். ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் என் நல்ல பீங்கான் தட்டை எடுத்து ஒரு விரல் நுனியில் நிறுத்திச் சுழற்றினார். "இப்ப நம்மட காருக்குள்ள இருக்கிறது மூடின சட்டி மாதிரி. தண்ணி பூந்தா வெளிய வராது. டிஸ்க் பிரேக் எண்டா இந்தா, இந்தப் பீங்கான் மாதிரி. வெட்டையில சுத்தும். தண்ணிய வீசி எறிஞ்சிரும். ரெண்டு பக்கமும் பிடிச்சா நிண்டிரும்." சொல்லிக்கொண்டே மற்றக் கையின் இரு விரல்களால் பிடித்தார். பீங்கான் நின்றது. அவர் சொன்னதைக் கவனித்ததைவிட, பீங்கான் உடைந்துவிடுமோ என்றுதான் நான் அதிகம் பயந்தேன்.

கராஜ் வைத்திருந்த ஒருவர் அவருக்குக் கூட்டாளி, அண்ணன் முறையில் காக்கா என்போம். இருவரும் கொழும்புக்குப் போய், பழைய சாமான் கடைகளில் அலைந்து, இதே இனத்தில் பிந்தி வந்த ஒரு காரின் முன்பக்க உறுப்புகளை மூட்டையாகக் கட்டி இரவு ரயிலில் கொண்டுவந்தார்கள். எங்கள் முற்றத்தில் கார் கட்டைகளின் மேல் ஏறியது. பழையது கழன்றது, புதியது பொருந்த மறுத்தது. ஒன்றைப் பொருத்தினால் இன்னொன்று இடித்தது. சக்கரத்தைக்கூட மாற்ற வேண்டிவந்தது. என் கணவர் நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து வந்ததும் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு காருக்கடியில் போய்விடுவார். எனக்கு அந்த நாட்களில் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரியும்.

எல்லாம் பூட்டிய பிறகு குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்றார்கள். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். காக்கா கடைக்குப் போயிருந்தார். "நீங்க கொஞ்சம் ஏறி மிதிங்களேன்" என்று கணவர் கீழேயிருந்து கெஞ்சினார். சக்கரமில்லாத கார் எங்கே ஓடப்போகிறது என்று துணிந்து, ஒரு காலை முற்றத்தில் ஊன்றியபடி ஏறினேன்.

"மிதிங்க. பிடிங்க. விடுங்க."

முதலில் மிதி தொளதொளவென்று அடிவரைக்கும் போனது. மிதிக்க மிதிக்க இறுகி வந்தது. கடைசியில் கல்லில் கால் வைத்ததுபோல் நின்றது. எவ்வளவு அமுக்கியும் அசையவில்லை. முதல்முறையாக என் கால் மிதித்ததற்கு ஒரு பதில் கிடைத்தது. மனதுக்குள் பொத்துவிலுக்குப் போகத் தயாராகிவிட்டேன்.

மறுநாள் சக்கரங்களை மாட்டி, இருவரும் பெரிய ரோட்டுப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நான் மகளுக்குத் தலைசீவிவிட்டுக் கேற்றடியில் நின்றேன். கார் திரும்பி வந்தது, கேற்றுக்குள் நுழைந்தது, கணவர் பிரேக்கை மிதித்தது தெரிந்தது. ஆனால் அது மெதுவாக என்னையும் தாண்டிப் போய், கிடுகு வேலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் முட்டித்தான் நின்றது. கோழிகள் கத்தின. மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இறங்கிய விதத்தைப் பார்க்க இன்னும் அழுகை வந்தது. ரோட்டிலும் இதே கதைதான், எவ்வளவு மிதித்தும் வழுக்கிக்கொண்டே போகிறது என்றார். மாதக்கணக்கில் பட்ட பாடு அவருடைய முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. காக்கா மூக்கை உறிஞ்சினார். "ஆரு ஊட்டில முறுக்குச் சுடுறாங்க?"

யார் வீட்டிலும் இல்லை. மணம் எங்கள் முன்சக்கரத்திலிருந்து வந்தது, நல்ல தேங்காயெண்ணெய் மணம்.

சத்தம் கேட்டு வெளியே வந்த உம்மா, வேலியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "நான்தான் தம்பி காலையில கொஞ்சம் எண்ண தடவி உட்டன்" என்றார். "ராவு அடிச்ச காத்துக்கு அந்த மினுங்குற தகடு செம்மஞ்சளாப் போயிருந்திச்சி. மௌத்தானவர்ர கார், கறள் புடிக்க உடலாமா?"

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்களுக்கு, உப்புக் காற்றில் துருவேறும் இரும்பு என்றால் எண்ணெய்தான். தையல் மெசின், பாக்குவெட்டி, கேற்றுப் பிணைச்சல், ஒன்றையும் உம்மா விட்டுவைப்பதில்லை. பழைய பிரேக் மூடிக்குள் ஒளிந்திருந்ததால் தப்பியது. இது வெட்டவெளியில் பளபளத்துக்கொண்டு நின்று மாட்டிக்கொண்டது.

என் கணவர் வேலியடியில் அப்படியே குந்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பிழை நம்மட வேலையில இல்ல காக்கா, எண்ணையில" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்ல எண்ணதான் தம்பி, நம்மட தேங்காயில ஆட்டினது" என்றார். அன்று மனதிலிருந்து இறங்கிய பாரம் எவ்வளவு என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

தகட்டைப் பெற்றோலால் கழுவி, அதை அழுத்திப் பிடிக்கும், எண்ணெய் குடித்த பேட்களைக் கழற்றி வீசி, கொழும்பில் மேலதிகமாக வாங்கிவந்த சோடியைப் போட்டார்கள். வேலியையும் கோழிக்கூட்டையும் கட்டிக்கொடுத்தார்கள். தகட்டின் செம்மஞ்சள் இரண்டு தடவை மிதித்தால் தானாகவே தேய்ந்து போய்விடும் என்று உம்மாவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு நாள் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பொத்துவிலுக்குப் புறப்பட்டோம். நான் முன்னால், உம்மாவும் மகளும் பின்னால். மாமியின் முழங்காலுக்குத் தடவ உம்மா ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். என் கணவர் அதை வாங்கி டிக்கிக்குள் வைத்துப் பூட்டினார்.

திருக்கோவில் தாண்டியதும் மழை பிடித்தது. கோமாரிக்கு முன்னால் தாழ்ந்த இடத்தில் ரோட்டின் மேலே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் காரை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இறங்கி நடக்கிறீங்களா?"

"போங்க" என்றேன்.

தண்ணீருக்குள் இறங்கினோம். ஏறினோம். ஏறிக் கொஞ்சத் தூரத்திலேயே ஒரு பசுவும் கன்றும் சாவகாசமாக ரோட்டைக் கடந்தன. அவர் மிதித்தார். கார் நின்றது. பசு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து மகள், "உம்மா, நீங்க பிரேக் போடல்லயா?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் செருப்புகள் இரண்டும் கீழே கிடந்தன. எப்போது கழற்றினேனோ தெரியாது, கால்களை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.