தோல் தொட்டியில் ஊறிய சோளம்

விவசாய இலாகாவில் பயிர் நோய்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பூஞ்சாணங்களின் லத்தீன் பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சோளத்தை எந்த மாதத்தில் விதைப்பார்கள் என்பதுதான் தெரியாது. என் மேலதிகாரி என்னைவிட இரண்டு வயதே மூத்தவர். வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

அந்த வருடம் ஆம்பூர்ப் பக்கம் சோளத்தில் கரிப்பூட்டை நோய் விழுந்திருந்தது. கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பொடி. நான் வயல்களைச் சுற்றிவந்து, 'சேதம் கணிசமானது' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, என்னை ஒரு பண்ணையாளின் குடிசைக்குக் கூட்டிப்போனார். மழையும் பொய்த்திருந்த வருடம். தூற்றி எறிய மனம் வராமல் அந்த வீட்டுப் பெண் கரியோடு சேர்த்தே சோளத்தை அரைத்திருந்தாள். களி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓர் உருண்டையைக் கேட்டு வாங்கி, பாதியை என் கையில் வைத்தார்.

"துன்னுய்யா. இதுக்குப் பேர்தான் கணிசம்."

என் கை மேலே போகும்போதெல்லாம் மூலையில் இருந்த மூன்று பிள்ளைகளின் கண்களும் கூடவே போயின. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

வைத்தியம் சுலபம்: விதையை மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கரைத்த தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால் மயில்துத்தம் இரும்பை அரித்துவிடும். பெரிய மரத்தொட்டிகள் அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே இடம், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தோல் ஷாப்பு. நோயே அதன் நாற்றத்தால் வந்தது என்று ஊர்ப் பெரிய நிலக்காரர் சொல்லிவந்தார். முதலாளி சாயபுவிடம் போய்த் தொட்டி கேட்டோம்.

"நாத்தம் எங்களுதுதான், ஒத்துக்கறேன். சோளம் கருப்பானதுக்கும் நாங்கதானா? பெரிய பேஜார் சார் இது. நாலு தொட்டி சும்மா கெடக்குது, நல்லா கழுவித் தர்றேன்" என்றார் அவர்.

நிலக்காரர் கொதித்துப்போனார். "தோலு ஊறுன தொட்டியில எங்க வெதையா? தீட்டு சார். ஆவாது."

மேலதிகாரி குனிந்து அவர் காலைப் பார்த்தார். "செருப்பு புதுசா இருக்குதே. இன்னாத்துல செஞ்சது?"

அன்றே மேலதிகாரிமேல் நிலக்காரரின் புகார் மனு மேலிடத்துக்குப் பறந்தது. பண்ணையாட்கள் மட்டும், கூலியாகக் கிடைத்த விதையை வேட்டியிலும் முந்தானையிலும் முடிந்துகொண்டு வந்து நனைத்துப் போனார்கள். அறுவடையில் அவர்களுடைய துண்டு நிலங்களில் வெள்ளை வெளேரென்று மணி பிடித்திருந்தது. நிலக்காரரின் வயலோ அடுப்படிச் சுவர்போல் கறுத்துக் கிடந்தது.

அடுத்த விதைப்புக்கு முதலில் வந்து நின்றவை அவருடைய வண்டிகள்தான். யார் கண்ணிலும் படக்கூடாதென்று தோல் ஷாப்பின் பின்வாசலுக்கு வந்திருந்தன.

"முன்னால வரச்சொல்லுங்க சார். பின்னால ஆட்டுத்தோல் எறக்கறாங்க, எடம் கம்மி" என்றார் சாயபு.

அதற்குள் மனுவும் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சோளமே விளையாத ஒரு கடற்கரை ஊருக்கு மேலதிகாரியை மாற்றினார்கள். இனி பேரெல்லாம் வேறு எவனுக்கோ போகும் என்று ரயிலடியில் நான் பொருமினேன்.

"எவன் பேர் வாங்குனா இன்னாய்யா? வெதைய நனைச்சானா இல்லியா, அத மட்டும் பாரு" என்றார் அவர்.

என்னால் அத்தனை பெருந்தன்மையாக இருக்க முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒட்டியது அவருடைய பொறுமை அல்ல. வேலூர்க் கண்காட்சியில் கரிப்பூட்டையை ஒழித்த முன்னோடி விவசாயி என்று நிலக்காரருக்கு மெடல் கொடுத்தார்கள். தாமாகவே கண்டுபிடித்த முறையை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மேடை ஓரத்தில் நின்றிருந்த நான் கேட்டேன்: "எந்தத் தொட்டியில நனைச்சீங்கன்னும் சொல்லுங்க."

அவர் இருமினார். கூட்டத்தில் இருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "தோல் தொட்டிதான், சாமி."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மெடல் என்னவோ அவர் சட்டையில்தான் ஏறியது. எனக்கு விளக்கம் கேட்டுத் தாக்கீது வந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள்கூட விதைமூட்டையோடு தோல் ஷாப்புக்கு வந்தார்கள், முன்வாசல் வழியாகவே.